நோட்டு, குறிப்பேடு, ஏடு: பிள்ளைங்களுக்கு வார்த்தை சேர்க்கறது எப்படி? கேள்வி பதில்

எல்லாருக்கும் வணக்கம். குடியாத்தம் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில தமிழ் எடுக்கறேன். கிளாஸ்ல தினமும் புழங்கற வார்த்தைய வெச்சே பிள்ளைங்க சொல்வளத்த பெருக்கறது எப்படின்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க, ஒவ்வொண்ணா வரேன்.

காட்பாடியிலேர்ந்து ஒரு அம்மா: டீச்சர், பையன் நாலாவது. ஒரே பொருள் தர்ற சொல்லுன்னு இருபது எழுதிக் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொல்றாங்க. டெஸ்ட்ல எழுதிடறான், அடுத்த வாரம் கேட்டா ஒண்ணுமே ஞாபகம் இல்ல.

மனப்பாடம் மேல எனக்கு கோவம் இல்லம்மா. அந்த காலத்து திண்ணைப் பள்ளிக்கூடத்துல நிகண்டையே, அதாவது ஒரே பொருள் தர்ற சொல்லையெல்லாம் பாட்டா தொகுத்த பழைய அகராதியையே, மனப்பாடம் பண்ணாங்க, ஆனா அது பாட்டா இருந்துது, தினமும் ராகமா சொல்லிச் சொல்லி வாயில ஒட்டிக்கிச்சு. இருபது சொல்ல வெறும் லிஸ்டா கொடுத்தா அது எதுலயும் ஒட்டாது. நான் வாரத்துக்கு ரெண்டே வார்த்தைதான் எடுப்பேன், அதுவும் கண்ணு முன்னாடி இருக்கற சாமானுக்கு. ஒரு வாரம் முழுக்க "நோட்ட எடுங்க"ன்னு சொல்லாம "குறிப்பேட்ட எடுங்க"ன்னுதான் சொல்வேன், முதல் நாள் ஒருத்தர் முகத்த ஒருத்தர் பாப்பாங்க, நாலாவது நாள் "டீச்சர், என் குறிப்பேட்ட காணோம்"னு அவங்களே வந்து நிப்பாங்க. வீட்டுலயும் அப்படியே செய்யுங்க, ஸ்கேலுக்கு அளவுகோல், டஸ்டருக்கு அழிப்பான்னு. நோட்டுங்கறது தப்பு வார்த்தைன்னு மட்டும் சொல்லிடாதீங்க, பேசறப்போ அது, எழுதறப்போ இது, அவ்ளோதான்.

குடியாத்தத்துலேர்ந்து ஒரு அப்பா: நாங்க லுங்கி நெய்யறவங்க டீச்சர், எனக்கு அஞ்சாவதோட படிப்பு போச்சு. பொண்ணுக்கு நான் என்னத்த சொல்லித் தர முடியும்?

ஐயா, இன்னிக்கு வந்த கேள்வியிலயே எனக்கு ரொம்ப புடிச்சது உங்களோடதுதான். நூலுன்னா தறியில ஓடறதும் நூல்தான், புத்தகத்துக்கும் நூலுன்னுதான் பேரு. நன்னூல்ல பவணந்தி முனிவர் இதையே சொல்றாரு, சொல்லுதான் பஞ்சு, அத எடுத்து இழையா திரிக்கற மாதிரி புலவர் பனுவல் செய்யறாருன்னு. பனுவல்னாலும் புத்தகம்தான். அப்போ உங்க பொண்ணுக்கு நூல், இழை, தறியில நீளவாக்குல ஓடற பாவு, குறுக்க ஓடற ஊடை எல்லாம் ஏற்கெனவே தெரியும், அவ கையால தொட்ட வார்த்தைங்க. எங்க கிளாஸ்ல பாடம் நடத்தறப்போ "இந்த கதையில சோகம் இழையோடுது"ன்னு ஒரு வரி வந்துது, மத்த பிள்ளைங்க முழிச்சாங்க, தறி வீட்டுப் பொண்ணு ஒருத்தி "உள்ளயே ஓடிக்கினே இருக்குது டீச்சர், மேல தெரியாது"ன்னு சொன்னா. எனக்கு கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. ராத்திரி தறிகிட்ட உக்காந்து ஒவ்வொரு சாமான் பேரையும் அவகிட்ட சொல்லி எழுதி வெக்கச் சொல்லுங்க, அதுக்கு மேல பெரிய பாடம் வேணாம். ஆசாரி வேலை பாக்கறவங்க வீட்டுக்கும் இதே நூல் இருக்குது, மரத்தோட கோணல சரி பண்ண நூல் புடிக்கற மாதிரி மனசோட கோணல சரி பண்றது நூலுன்னு நன்னூல்லயே இன்னொரு பாட்டு வருது.

வாணியம்பாடியிலேர்ந்து ஒரு அம்மா: மிஸ், வீட்டுல நாங்க உருதுதான் பேசறோம். பொண்ணு தமிழ் கிளாஸ்ல வாயே தொறக்க மாட்டேங்கறா.

அவகிட்ட வார்த்தை இல்லன்னு நினைக்காதீங்கம்மா, கிதாப், கலம், குர்சின்னு எல்லாம் இருக்குது, பக்கத்துல தமிழ் பேர ஒட்டணும், அதான் வேலை. குர்சிக்கு நாற்காலி, நாலு கால் இருக்கறதால நாற்காலின்னு சொல்லுங்க, ஒரு தடவைல பதிஞ்சிடும். காகிதம், நகல் எல்லாம் உங்க பக்கத்து பாஷையிலேர்ந்து தமிழுக்கு வந்ததுதான்னும் சொல்லுங்க. மேசை, ஜன்னல், அலமாரி, பேனா போர்ச்சுகீஸ்காரங்க கொண்டு வந்தது. கிளாஸ் ரூம்ல பாதி சாமான் வெளியூர்லேர்ந்து வந்து நம்ம ஆளானதுன்னு தெரிஞ்சா அவளுக்கும் கூச்சம் போயிடும்.

ஆம்பூர்ல புதுசா வேலைக்கு சேந்த ஒரு டீச்சர்: அக்கா, சொல்லுக்கு கூறு, இயம்பு, பகர், விளம்புன்னு நடத்தினேன். ஒரு பையன் "ஹெட்மாஸ்டர் நாளைக்கு லீவுன்னு விளம்பினார்"னு எழுதிட்டான். மார்க் போடறதா வேணாமா?

போடுங்கம்மா, ஆனா பக்கத்துல உக்கார வெச்சு பேசுங்க. விளம்பு பாட்டுல அழகா இருக்கும், லீவு சேதிக்கு "அறிவித்தார்"தான் பொருந்தும். ஒரே பொருள்னு நாம சொல்ற வார்த்தைங்க அச்சு அசலா ஒண்ணு கிடையாது. இலக்கணத்துலயே இதுக்கு ஒரு நல்ல உதாரணம் இருக்குது பாருங்க: ஈ, தா, கொடு. மூணும் கேக்கறதுதான், ஆனா தாழ்ந்த நிலையில இருக்கறவன் "ஈ"ன்னு கேப்பான், சமமானவன் "தா"ம்பான், மேல இருக்கறவன் "கொடு"ன்னு சொல்வான். தொல்காப்பியத்துலயும் இருக்குது, நன்னூல்லயும் இருக்குது. இன்னிக்கு அந்த உயர்வு தாழ்வு நமக்கு வேணாம், ஆனா யார் யார்கிட்ட சொல்றாங்கங்கறது வார்த்தைய மாத்தும்கற விஷயத்த பிள்ளைங்க புடிச்சிக்கணும். நான் நடிக்க விடுவேன். பாரு, கவனி, உத்துப் பாரு, முறைச்சுப் பாரு, நாலையும் நாலு பேர் நடிச்சுக் காட்டணும். கவனின்னதும் ஒரு பையன் கண்ண மூடி காத தீட்டிக்கினு நின்னான், அவனுக்குதான் வித்தியாசம் புரிஞ்சிருக்குது.

ஆற்காட்டுலேர்ந்து: சிலேட்டுல எழுதறது பலப்பமா, சிலேட்டுக்குச்சியா? அப்புறம் எம்பொண்ணு "கீது", "வந்துகினு"ன்னு பேசறான்னு டியூஷன்ல திட்றாங்க.

ரெண்டும் சரிதான், பலப்பம் தெலுங்குலயும் உண்டு. ஆனா திட்டறத மட்டும் என்னால ஏத்துக்க முடியல. வாய தொறந்ததும் அடி விழுந்தா புது வார்த்தை எங்கேர்ந்து வரும்? "கீது"ன்னு சொல்ற பிள்ளைக்கு "இருக்கிறது"ங்கறது எழுதறப்போ போடற இன்னொரு உருவம்னு சொன்னா போதும், அத நோட்டுல எழுதட்டும், ஆயாகிட்ட கீதுன்னே பேசட்டும்.

பள்ளிகொண்டாவுலேர்ந்து, ஏழாம் வகுப்பு: டீச்சர், பள்ளின்னா ஸ்கூலு. அப்போ எங்க ஊர் பேருல ஏன் பள்ளி இருக்குது? எங்க ஊர்ல கோயில்தான பெருசு?

சூப்பர் கேள்வி கண்ணு. பள்ளின்னா படுக்கைன்னும் அர்த்தம் உண்டு. உங்க ஊர் ரங்கநாதர் படுத்துக்கினு இருக்காரு இல்லியா, அதான் பள்ளிகொண்டா. பள்ளியறை, பள்ளியெழுச்சி எல்லாம் இந்த பள்ளிதான். சமண முனிவருங்க தங்கின இடத்துக்கும் பள்ளின்னுதான் பேரு, அவங்க அங்க பாடமும் சொல்லிக் கொடுத்தாங்க, அதுலேர்ந்துதான் படிக்கற இடத்துக்கும் அந்த பேரு வந்துதுன்னு சொல்வாங்க. காட்பாடி தாண்டி வள்ளிமலை முருகன் கோயிலுக்கு போனா அங்க பாறையில சமணச் சிற்பம் செதுக்கி இருக்கும், அப்பாவ கூட்டிக்கினு போய் பாத்துட்டு வா. பள்ளிக்கூடத்துக்கு பாடசாலை, கல்விக்கூடம்னு இன்னும் பேரு இருக்குது, உங்க தெரு போர்டுங்கள்ல எது எது எழுதியிருக்குன்னு எண்ணி எனக்கு சொல்லு.