ஆச்சியின் அரிசிப் பானை

அன்புள்ள ஐயா,
நம்மூர்த் தமிழ்ப் போதகர் வி.எஸ். அசரியா 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனெரிகளை முகத்துக்கு நேரே குறை சொன்னார். இரண்டே வருடத்தில் அவர்கள் கொடுத்த அத்தியட்சர் (பிஷப்) நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். கடைசியில் அவரும் வெள்ளையருக்கு ஊழியம் செய்தவர்தானே? நாலு வரியில் பதில் போதும்.
க.

அன்புள்ள க.,

நாலு வரி போதுமென்றால் ஆள் மாறி எழுதிவிட்டீர்கள். போன வாரம் ஊர் வீட்டுப் பரணை ஒழித்தபோது ஆச்சியின் மண்பானை ஒன்று கிடைத்தது. அன்றிலிருந்து அசரியா நினைப்புதான்.

எடின்பரோவில் அவர் கேட்டது நட்பு. உடைமை தந்தீர்கள், உடலையும் தந்தீர்கள், நண்பர்களைத் தாருங்கள் என்றார். பதவியே வேண்டாம் என்றா சொன்னார்? 1912 டிசம்பரில் கல்கத்தாவில் அவருக்கு அபிஷேகம் ஆவதை எதிர்த்தவர்களில் வெள்ளை மிஷனெரிகளும் உண்டு. ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் அத்தியட்சரானது அதுதான் முதல்முறை. சரி, அது கிடக்கட்டும்.

'வெள்ளையருக்கு ஊழியம்' என்றீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. இரண்டு பக்கம் புரட்டிவிட்டு எழுதியிருக்கலாம். 1902இல் அவர் யாழ்ப்பாணம் போனார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே பணம் சேர்த்து வெளியூருக்கு மிஷனெரி அனுப்புவதைப் பார்த்தார். நம்மிடம் அது இல்லையே என்று வெட்கப்பட்டார். அடுத்த வருடமே திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. ஆளும் நம்மவர், பணமும் நம்முடையது, நிர்வாகமும் நம் கையில். 1909இல் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்க வேலையை உதறிவிட்டு, இந்திய மிஷனெரி சங்கத்தின் மிஷனெரியாக, தெலுங்கு பேசும் நிஜாம் சீமையின் தோர்ணக்கலுக்கு அவரே போனார். வெள்ளாளன்விளைக்காரர், முப்பது வயதுக்கு மேல் தெலுங்கு படித்தார்.

அந்தப் பணம் யாருடையது? பனையேறிக் குடும்பங்களுடையது. எங்கள் ஆச்சி தினமும் உலைக்கு அரிசி களையுமுன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை அது அந்தச் சங்கத்துக்குக் காணிக்கையாகச் சர்ச்சுக்குப் போகும். அசரியா இறந்து வருடக்கணக்கான பிறகும் அவளுக்கு அது தோர்ணக்கல் அரிசிதான்.

ஆறு வயதில் அந்தப் பானையிலிருந்து ஒரு பிடி அள்ளிக் கோழிக்குப் போட்டேன். "ஏல, அது தோர்ணக்கல் அரிசில்லா!" என்று ஆச்சி முதுகில் ஒன்று வைத்தாள். அன்று ராத்திரி எனக்கு உலை வைக்கவில்லை. என் பங்கு அரிசி பானைக்குப் போயிற்று. அப்புறம் நடுராத்திரி எழுப்பி, தன் தட்டில் மிச்சம் வைத்திருந்த பழையதை ஊட்டிவிட்டாள்.