மரபணுவை நீக்கிப் பார்த்தால் போதாதா, செயற்கைப் பெப்டைடு எதற்கு?

கேள்வி கேட்டவர் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர். புரத ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு வேலையிடப் பயிற்சிக்குப் போகிறாராம். ஒரு புரதம் என்ன வேலை செய்கிறது என்று தெரிய வேண்டுமானால் அதன் மரபணுவை நீக்கிப் பார்த்துவிடலாமே, பெப்டைடு, அதாவது அமினோ அமிலங்களைக் கோத்த குட்டிச் சங்கிலி, புரதத்தின் ஒரு துண்டு மாதிரி, அதைச் செய்ய ஏன் இவ்வளவு செலவு என்பது அவர் சந்தேகம். நான் விஞ்ஞானி இல்லை. சிங்கப்பூரில் புவன விஸ்தா பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் எட்டு வருடமாகப் பெப்டைடு செய்து கொடுக்கும் தொழில்நுட்பர். என் பெஞ்சிலிருந்து தெரிவதைச் சொல்கிறேன்.

உங்கள் புளோக்குக் கீழே இருக்கும் காப்பிக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். காப்பி ஆற்றும் அங்கிள் ஒரு மாதம் ஊருக்குப் போய்விட்டார். முதல் இரண்டு நாள் தடுமாற்றம். மூன்றாம் நாள் அவர் மனைவி ஆற்ற ஆரம்பித்துவிடுவார். மாதக் கடைசியில் வந்து பார்ப்பவருக்கு அங்கிள் ஒன்றுமே செய்யவில்லை என்றுதான் தோன்றும். மரபணுவை நீக்கும்போது செல்லுக்குள்ளும் இப்படி நடப்பதுண்டு. இல்லையென்றால் கடையே மூடிப்போகும். இரண்டிலும் அங்கிள் எந்தக் கையால் என்ன செய்தார் என்பது தெரியாது.

கடை மூடிப்போனதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. புற்றுநோயைத் தடுக்கும் பி53 புரதம் 1979இல் தெரியவந்தது. அதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான டேவிட் லேன் பிறகு சிங்கப்பூரிலும் பல வருடம் ஆய்வு செய்தார். இந்த பி53ஐ அடக்கி வைப்பது எம்.டி.எம்.2 என்ற இன்னொரு புரதம். எலியில் எம்.டி.எம்.2 மரபணுவை நீக்கினால் கரு ஆரம்பத்திலேயே இறந்துவிடுகிறது. கூடவே பி53ஐயும் நீக்கினால் எலி பிழைக்கிறது. 1995இல் வந்த முடிவு இது. எம்.டி.எம்.2இன் தலையாய வேலை பி53ஐ அடக்குவதுதான் என்று அது காட்டிவிட்டது. ஆகவே மரபணுவை நீக்கும் வழியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வளர்ந்த செல்லில், இரண்டு புரதங்களும் இருக்கும்போதே, அவற்றின் பிடியை மட்டும் இன்று காலை பத்து மணிக்கு விடுவித்தால் என்ன ஆகும்? அதற்குப் பெப்டைடு மாதிரி ஏதாவது வேண்டும்.

பி53இன் ஒரு முனையில் சின்னச் சுருள் ஒன்று இருக்கிறது. அதில் 19ஆம் இடத்து ஃபீனைல்அலனின், 23ஆம் இடத்து டிரிப்டோஃபான், 26ஆம் இடத்து லியூசின் மூன்றும் ஒரே பக்கமாக நீட்டிக்கொண்டு எம்.டி.எம்.2இன் பள்ளத்தில் போய் உட்காருகின்றன. அந்தத் துண்டை மட்டும் பெப்டைடாகச் செய்து போட்டால் பள்ளத்தை அது பிடித்துக்கொள்ளும், உண்மையான பி53க்கு இடம் இருக்காது. சோதனைக் குழாயில் இது சுலபம். செல்லுக்குள் வெறும் பெப்டைடு எளிதில் நுழையாது, நுழைந்தாலும் நொதிகள் நறுக்கிவிடும். அதனால் சுருளின் இரண்டு இடங்களை ஹைட்ரோகார்பன் பாலத்தால் இணைத்து ஸ்டேப்பிள் அடிக்கிறார்கள். லேன் குழுவினரும் இங்கே இதில் நிறைய உழைத்திருக்கிறார்கள்.

செய்யும் முறை என் அம்மா பூ கட்டுவது போலத்தான். நாரின் முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கட்டுவார். எங்களுக்குக் கட்டைவிரல் ஒரு ரெசின் மணி, கரையாத பிளாஸ்டிக் குருணை மாதிரி. முதல் அமினோ அமிலத்தை அதில் பொருத்தி, அடுத்ததைச் சேர்த்து, ஒட்டாததைக் கழுவிவிட்டு, மறுபடி அடுத்தது. அமெரிக்க வேதியியலாளர் மெரிஃபீல்டு 1963இல் வெளியிட்ட வழி. 1984இல் நோபல் பரிசும் கிடைத்தது. கேட்க எளிது, கணக்குதான் கொடுமை. 20 அமினோ அமிலங்களுக்கு 19 இணைப்பு. ஒவ்வொன்றும் 99 சதவீதம் நடந்தால் கடைசியில் சரியான சங்கிலி 83 சதவீதம். 95 சதவீதம்தான் நடந்தது என்றால் 38. மீதி எல்லாம் ஒரு பூ விட்டுப்போன மாலைகள்.

இனி என் மானம் போன கதை. ஒரு பெப்டைடு செய்து கொடுத்தேன். செல்கள் அழகாகச் செத்தன. இது பெப்டைடின் வேலைதானா என்று பார்க்க, முக்கியமான ஒரு அமினோ அமிலத்தை அலனின் என்ற சின்ன அமினோ அமிலமாக மாற்றிய, அதனால் பிடிக்க முடியாத ஜோடி ஒன்று வேண்டும். அதைத்தான் கன்ட்ரோல் என்கிறோம். எனக்கு நேரமில்லை என்று அதை வெளியில் வாங்கச் சொல்லிவிட்டேன். கன்ட்ரோல் போட்ட செல்கள் பிழைத்தன. மூன்று வாரம் எல்லோருக்கும் சந்தோஷம். அப்புறம்தான் தெரிந்தது, ரெசினிலிருந்து பிரிக்கவும் சுத்தம் செய்யவும் பயன்படும் டிரைஃபுளோரோஅசிட்டிக் அமிலம் என் பொடியில் உப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து வந்த கன்ட்ரோல் அசிடேட் உப்பு, அதில் இந்த அமிலம் இல்லை. செல்களைக் கொன்றது நான் கழுவாமல் விட்ட அமிலம்! இப்போது இரண்டையும் ஒரே நாளில், ஒரே பாட்டில்களிலிருந்து நானே செய்கிறேன்.

பெப்டைடு தவிர வேறு கருவிகளும் இருக்கின்றன. செரின் ஹைட்ரோலேஸ் என்ற நொதிக் குடும்பத்துக்கு ஃபுளோரோபாஸ்போனேட் தலை வைத்த மூலக்கூறு ஒன்று உண்டு. நொதி வேலை செய்யும் நிலையில் இருந்தால்தான் அதில் ஒட்டும். அங்கிள் கடையில் இருக்கிறாரா என்பதை அல்ல, காப்பி ஆற்றும் நிலையில் இருக்கிறாரா என்பதை அது சொல்லும்.

எனக்கு மிகவும் பிடித்தது நம் ஊர்ச் சங்குப்பூ. மலாயில் புங்கா தெலாங், பலகாரத்துக்கு நீல நிறம் கொடுப்பது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டாம் குழுவினர் 2014இல் அந்தச் செடியிலிருந்து, பெப்டைடின் இரு முனைகளையும் இணைத்து வளையமாக்கும் நொதி ஒன்றை எடுத்து, செடியின் மலாய்ப் பெயரை வைத்தே பூட்டலேஸ்-1 என்று பெயரிட்டார்கள். முனையில் மூன்று அமினோ அமிலங்களை அடையாளமாக வைத்தால் போதும். இரண்டை வெட்டி எறிந்துவிட்டு ஒட்டிவிடும். எங்கள் வீட்டு வாசல் தொட்டியில் அந்தச் செடி இருக்கிறது. அம்மாவிடம் சொன்னேன், "சரி, தண்ணி ஊத்தினியா?" என்றார்.

பயிற்சியில் சீக்கிரமே உங்கள் கையில் பெப்டைடு செய்யப் பயன்படும் பைப்பெரிடின் என்ற திரவம் வரும். பெயர் மிளகிலிருந்து வந்தது, நாற்றம் மிளகும் கெட்டுப்போன மீனும் கலந்தது. ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூட்டுக்கு வெளியே திறக்காதீர்கள். சட்டையில் பட்டால் மாற்றிக்கொண்டு எம்ஆர்டி ஏறுங்கள். நான் மாற்றாமல் ஏறினேன். மாலை நெரிசலிலும் என்னைச் சுற்றி நாலு இருக்கை காலியாக இருந்தது.