டிரெண்டிங் ஆனது, ஆல்பம் ஏன் ஏறவில்லை?

கேள்வி: நாங்கள் 60 பேர் கொண்ட கே-பாப் ரசிகர் குழு. புது ஆல்பம் வந்தபோது இரண்டு நாள் ஹேஷ்டேக்கை டிரெண்டிங்கில் வைத்திருந்தோம். பாட்டை லூப்பில் ஓடவிட்டோம். குரூப் ஆர்டரில் ஆளுக்கொரு ஆல்பமும் வாங்கினோம். அது முதல் வார விற்பனையில் சேரவே சேராது என்கிறார்கள். உண்மையா?

பதில்: உண்மையாக இருக்கலாம். எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது.

கொரியாவில் 'சோதோங்' என்பது ஆல்பம் வெளியான நாளிலிருந்து 7 நாள் விற்பனை. ரசிகர்கள் பார்ப்பது கொரிய ஆல்பம் விற்பனைப் பட்டியலான ஹான்டியோ சார்ட்டின் எண்ணை. ஹான்டியோவோடு இணைந்த கடையில் விற்றால்தான் அதில் ஏறும். இன்னொரு விற்பனைப் பட்டியலான சர்க்கிள் சார்ட் (2022 வரை இதன் பெயர் காவோன்) அப்படியல்ல. விநியோகஸ்தர் கடைகளுக்கு அனுப்பியதை எண்ணி, திரும்பி வந்ததைக் கழிக்கும். உங்கள் ஆர்டரை எடுத்தவர் இணையாத கடையில் வாங்கியிருந்தால் சர்க்கிளில் 60 இருக்கும், சோதோங்கில் ஒன்றுகூட இருக்காது. இணைந்த கடையாகவே இருந்தாலும் எட்டாம் நாள் ஆர்டர் போட்டால் அதே கதிதான்.

அடுத்த முறை பணம் அனுப்பும் முன்பே கடையின் பெயரைக் கேளுங்கள். ஹான்டியோ, சர்க்கிள் இரண்டிலும் சேரும் என்று பல கடைகள் ஆல்பத்தின் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். முன்பதிவு முடிய 3 நாள் இருக்கும்போதே வசூலை முடித்துவிடுங்கள். கடைசி இரவில் நாலு பேர் பணம் வராமல் மொத்த ஆர்டரும் தள்ளிப்போவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. ஆர்டர் எண்ணும் தேதியும் தெரியும் ஸ்கிரீன்ஷாட்டை வாங்கி வையுங்கள். சுருட்டிய போஸ்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் தபால் செலவு குறையும்.

ஹேஷ்டேக் தானாக ஆல்பத்தை விற்காது. அதைப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே ரசிகர்கள். ஆனால் அவர்களிலேயே எங்கே வாங்குவது, எப்போது கடைசி நாள் என்று தெரியாதவர்கள் நிறைய. ஒவ்வொரு பதிவிலும் கடை லிங்க்கும் கடைசித் தேதியும் இருந்தால் அந்த இரண்டு நாள் உழைப்புக்குப் பலன் உண்டு. ஒரே வரியைக் காப்பி அடித்துப் போட்டால் ஸ்பேம் என்று வடிகட்டப்படும்.

ஸ்ட்ரீமிங் தனிக் கணக்கு, சோதோங்கில் சேராது. ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி கேட்டால் ஒரு ஸ்ட்ரீம். ஒரே பாட்டை இரவெல்லாம் ஓடவிட்டால் செயற்கை என்று கழித்துவிட வாய்ப்புண்டு. மற்ற பாடல்களும் கலந்த பிளேலிஸ்ட்டாகக் கேளுங்கள்.

ஃபோட்டோகார்டுக்காக (ஆல்பத்துக்குள் வரும் மெம்பர் படம்) ஒருவரே பத்து ஆல்பம் வாங்குவதை மட்டும் ஊக்குவிக்காதீர்கள். யாருக்கு எந்த மெம்பர் கார்டு வந்தது என்று ஒரு ஷீட்டில் எழுதி, 60 பேருக்குள் மாற்றிக்கொள்ளுங்கள்.