தலைப்பும் பொருளும்: வாசகர் கேள்வி – பதில்

கே: ‘முள்ளும் மலரும்’ என்ற படத் தலைப்புக்கு ‘முள்ளும் பூவும்’ என்று பொருளா, ‘முள்கூட மலரும்’ என்று பொருளா? வீட்டில் இதை வைத்துப் பெரிய விவாதமே நடந்துவிட்டது. (சேலம் வாசகர்)

ப: இரண்டு கட்சியும் ஜெயித்தது என்றே சொல்ல வேண்டும். ‘மலர்’ பெயர்ச்சொல்லாக நின்றால் இரண்டு ‘உம்’மும் எண்ணும்மை. முள் ஒன்று, மலர் ஒன்று. ‘மலரும்’ வினைமுற்றாக நின்றால் ‘முள்ளும்’ என்பதில் உள்ளது சிறப்பும்மை. முள்ளாகிய அதுவும்கூட மலரும்.

1978இல் வந்த அந்தப் படத்தைப் பாதிவரை பார்த்தால் முதல் பொருள்தான் பொருந்தும். முரட்டு அண்ணன் காளி முள், தங்கை வள்ளி மலர். கடைசிக் காட்சியில் இரண்டாவது பொருள் எழுந்து வருகிறது. தனக்குப் பிடிக்காத எஞ்சினியருக்கே தங்கையைக் கொடுக்கச் சம்மதிக்கிறான் காளி. அப்போதும் ‘இன்னும் உங்களை எனக்குப் பிடிக்கவில்லை’ என்று அவரிடமே சொல்லிவிடுகிறான். அதுதான் அழகு. முள் மலர்கிறது, ஆனால் முள்ளாக இருப்பதை விட்டுவிடவில்லை. ஒரே சொல்லைப் பெயராகவும் வினையாகவும் நிற்க வைத்து, படம் ஓட ஓட ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்துவது தமிழ் இலக்கணம் தரும் வசதி. வேறு மொழிக்கு இந்தத் தலைப்பை மாற்றினால் ஏதாவது ஒரு பொருளைக் கைவிட்டே ஆக வேண்டும்.

கே: கதை ஒன்று சொல்ல, தலைப்பு நேர்மாறாக ஒன்று சொல்கிறதே, ஏன் அப்படி வைக்கிறார்கள்? ‘சாப விமோசனம்’ கதையில் விமோசனமே இல்லையே? (மதுரை வாசகி)

ப: எதிர்த்திசையில் நிற்கும் தலைப்புகள் எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை. மூன்று கதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ நேரடியான குத்தல். கதை நடப்பது வறுமை பிடுங்கும் சந்தில். கணவனுக்குப் பால்கஞ்சி வைக்கக் காசில்லாமல் ஒருத்தி தன்னையே விற்கிறாள். ‘இதுதான் ஐயா, பொன்னகரம்!’ என்று முடியும்போது தலைப்பு வாசகன் முகத்தில் வந்து அறைகிறது. இங்கே தலைப்புக்கும் கதைக்கும் இடையிலுள்ள தூரம்தான் கதையின் கோபம்.

ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ அப்படியல்ல. தலைப்பில் நெருப்பு, கதையில் தண்ணீர். கெடுக்கப்பட்டு மழையில் நனைந்து வீடு திரும்பும் மகளின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, அதை நெருப்பு என்று நினைத்துக்கொள்ளச் சொல்கிறாள். நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். புராணத்தில் கணவன் கேட்ட சோதனை, இங்கே தாய் கொடுக்கும் விடுதலையாக மாறுகிறது. தலைப்பு பழைய கதையை நினைவூட்டாவிட்டால், அந்தத் தண்ணீருக்கு இவ்வளவு கனம் வந்திருக்காது.

இனி நீங்கள் கேட்ட, புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’. கல்லாய்க் கிடந்த அகலிகை ராமன் கால்தூசி பட்டுப் பெண்ணாகிறாள். தலைப்பு அங்கேயே தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறோம். பிறகு சீதையே வந்து, தன்னைத் தீக்குளிக்கச் சொன்னது ராமன்தான் என்று சொல்கிறாள். தன்னை மன்னித்த அறம் சீதைக்கு இல்லையா என்ற கேள்வி அகலிகையை அரித்துத் தின்கிறது. கடைசியில் மறுபடி கல்லாகிறாள். விமோசனம் இல்லையே என்று கேட்கிறீர்கள். கல்லாகும் அந்தக் கணத்தில்தான் அவள் மனச்சுமை இறங்குகிறது. பெண்ணாக வாழ்ந்ததே சாபம், கல்லானதே விமோசனம் என்று தலைப்பைத் தலைகீழாகப் படித்தால், பெயர் கதைக்கு அப்படியே பொருந்துகிறது. இதைக் கிண்டல் தலைப்பு என்று ஒதுக்குவது பெரிய பிழை என்பது எங்கள் துணிபு.

கே: சங்கப் பாடல்களுக்குப் பெயர் வைத்தது யார்? புலவர்களேவா? (தஞ்சாவூர் மாணவர்)

ப: குறுந்தொகை, புறநானூறு போன்ற தொகைகளில் தனிப்பாட்டுக்குப் பெயரே கிடையாது, எண்தான். பதிற்றுப்பத்தில் மட்டும் ஒவ்வொரு பாட்டுக்கும் துறை, வண்ணம், தூக்கு என்ற இலக்கணக் குறிப்புகளோடு பெயரும் குறிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பெயர் பாட்டுக்குள்ளிருந்தே எடுத்த ஒரு தொடர். ‘புண்ணுமிழ் குருதி’ ஓர் எடுத்துக்காட்டு. கருத்தைச் சுருக்கிப் பெயர் வைக்காமல், பாட்டில் மின்னும் சொல்லைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

பத்துப்பாட்டில் ‘மலைபடுகடாம்’ அதே வழி. 583 அடிகளுள் 348ஆம் அடியில் வரும் தொடர் அது. மலையை யானையாகவும், மலையில் எழும் ஓசைகளை அதன் மதமாகவும் கண்ட ஓர் உருவகம் முழுப் பாட்டுக்கும் பெயராயிற்று. இதற்குக் ‘கூத்தராற்றுப்படை’ என்ற பெயரும் உண்டு. அது பாட்டின் வகையைச் சொல்கிறது, மற்றது பாட்டின் உயிரைச் சொல்கிறது. எது நிலைத்தது என்பது உங்களுக்கே தெரியும்.

‘நெடுநல்வாடை’ இன்னும் நுட்பம். ஒரே வாடைக்காற்று, அரண்மனையில் பிரிந்து தவிக்கும் அரசிக்கு நெடியது. பாசறையில் போர்க்கடமையில் நிற்கும் அரசனுக்கு நல்லது. இரண்டு அடைமொழியும் இரண்டு மனத்துக்கு உரியவை.

கே: ஆசிரியர் வைத்த பெயர் மாறிப்போவது உண்டா? (காரைக்குடி வாசகர்)

ப: உண்டு. கம்பர் தம் காவியத்துக்கு இட்ட பெயர் ‘இராமாவதாரம்’. சேக்கிழார் இட்டது ‘திருத்தொண்டர் புராணம்’. மக்கள் முன்னதைக் கவியின் பெயரால் அழைத்தார்கள், பின்னதைப் பெருமையால் ‘பெரியபுராணம்’ ஆக்கினார்கள். நன்னூல் பாயிரமும் முதல்நூல், கருத்தன், அளவு, மிகுதி, பொருள், செய்வித்தோன், தன்மை முதலிய காரணங்களாலும், காரணம் தெரியாத இடுகுறியாலும் நூலுக்குப் பெயர் வரும் என்கிறது.

கே: தெருக்கூத்தில் ‘கர்ண மோட்சம்’ என்று முடிவையே பெயராக வைத்துவிடுகிறார்களே, சுவை கெடாதா? (விழுப்புரம் வாசகி)

ப: கெடாது. விடிய விடிய உட்கார்ந்து பார்ப்பவர்களுக்குப் பாரதக் கதை முன்பே தெரியும். ‘அடுத்து என்ன’ என்பதற்காக அவர்கள் வரவில்லை. கூத்தின் பெயர் நடப்பதைச் சொல்வதோடு, நடப்பதன் மேல் தீர்ப்பும் சொல்கிறது. கீசகன் சாவு ‘வதம்’. கர்ணன் சாவு ‘மோட்சம்’. இருவரும் கொல்லப்படுகிறவர்கள்தான். தோற்ற பக்கத்தில் நின்றவனுக்கு ‘மோட்சம்’ என்ற சொல்லைக் கொடுத்த அந்த மனசை நினைத்தால் கண் கலங்குகிறது.

கே: சிறுகதை எழுதிவிடுகிறேன், தலைப்புதான் வரமாட்டேன் என்கிறது. வழி சொல்லுங்கள். (கோயம்புத்தூர் வாசகர்)

ப: முதலில் ஒரு தற்காலிகப் பெயரோடு கதையை முடித்துவிடுங்கள். பிறகு பென்சிலோடு உட்காருங்கள். இரண்டு மூன்று முறை வரும் பொருள்களையும், தொடக்கத்தில் ஒரு பொருளும் முடிவில் வேறு பொருளும் தரும் சொற்களையும் அடிக்கோடிடுங்கள். ஐந்தாறு தேறும். கதையைப் படிக்காத ஒருவரிடம் அவற்றைச் சொல்லி, என்ன கதையை எதிர்பார்க்கிறார் என்று கேளுங்கள். படித்த பிறகு அதே கேள்வியைத் திரும்பக் கேளுங்கள். இரண்டு விடையும் ஒன்றாகவே இருந்தால் அந்தப் பெயர் வெறும் அடையாளச் சீட்டு. கதையோடு தொடர்பே தெரியவில்லை என்றால் அது புதிர். முதல் விடை பொய்யாகாமல் இரண்டாவது விடை ஆழமாக வந்தால், எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலும் எங்கே சறுக்குகிறது? ‘தியாகம்’, ‘பாசம்’ போன்ற குணப்பெயர்களில். வாசகன் தானே கண்டடைய வேண்டியதை வாசலிலேயே கொடுத்துவிடுகின்றன. தலைப்பையே கடைசி வரியாக எழுதுவதும் அப்படித்தான். ‘பொன்னகரம்’ செய்ததே என்பீர்கள். அங்கே கோபம் தாங்குகிறது, அமைதியான கதை தாங்காது. பழகிய திரைப்பாட்டு வரியை வைத்தால், அந்தப் பாட்டின் உணர்ச்சி உங்கள் கதைக்குள் புகுந்துகொள்ளும்.

ஜெயகாந்தன் ஒரு நாவலை முதலில் ‘காலங்கள் மாறும்’ என்ற பெயரில் தொடராக எழுதினார். நூலானபோது அது ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. முதல் பெயர் ஆறுதல் சொல்லி முடித்துவிடுகிறது. இரண்டாவது வாக்கியம் வினை இல்லாமல் நிற்கிறது. சில மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைக் கதைதான் சொல்லியாக வேண்டும். அதேபோல் புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யைத் தழுவி 1979இல் வந்த படத்துக்கு ‘உதிரிப்பூக்கள்’ என்று பெயர் வைத்தார்கள். உறவுமுறையிலிருந்து பார்வை குழந்தைகள் பக்கம் திரும்பிவிட்டது. தொடுக்க ஆளில்லாத பூக்கள் அவர்கள்.

கே: தலைப்பில் ஒற்று போடாவிட்டால் என்ன? (நாகர்கோவில் வாசகர்)

ப: ‘தந்த பலகை’ என்றால் யாரோ கொடுத்த பலகை. ‘தந்தப் பலகை’ என்றால் யானைத் தந்தத்தால் ஆன பலகை. ‘வேலை கொடு’ என்பது பிழைப்புக் கேட்பது, ‘வேலைக் கொடு’ என்பது வேலாயுதம் கேட்பது. உரைநடையில் அடுத்த வரி பொருளைக் காட்டிக்கொடுக்கும். தலைப்புக்கு அடுத்த வரி கிடையாது. அட்டையில் எழுத்தை வடிவமைப்பவர் அழகு கருதி ஒற்றை விட்டுவிடுவதும் நடக்கிறது. அச்சுக்குப் போகும் முன் அட்டைப் படியைக் கேட்டு வாங்கி, எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.