நாய்க்கு நம் கவலை தெரியுமா? ஒரு கால்நடை மருத்துவரிடம் சில கேள்விகள்

செல்வி: டாக்டர், நான் அழுதால் எங்கள் நாய் ஓடிவந்து மடியில் முகத்தை வைத்துக்கொள்கிறது. உண்மையிலேயே புரிகிறதா?

எதற்காக அழுகிறீர்கள் என்பது புரியாதும்மா. நீங்கள் சரியாக இல்லை என்பது தெரியும். முகத்தையும் குரலையும் வைத்து மட்டுமல்ல, மோந்தே கண்டுபிடிக்கும். பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆட்களுக்குக் கடினமான மனக்கணக்கு கொடுத்துப் படபடக்க வைத்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் எடுத்த வியர்வையையும் மூச்சையும் பழக்கிய நாய்களிடம் நீட்டினார்கள். அந்த ஆட்களை அவை பார்த்ததே இல்லை. இருந்தும் படபடப்பு வாசனையை நூற்றுக்கு 90 தடவைக்கு மேல் சரியாகப் பிரித்துக் காட்டின. 2022-ல் வந்த ஆய்வு இது.

பிரபு: செருப்பைக் கடித்துவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கிறதே சார், அது குற்ற உணர்ச்சிதானே?

இல்லை, உங்கள் கோபத்துக்குப் பயந்து நிற்கிறது. நாய்களின் நடத்தையை ஆராயும் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-லேயே இதைச் சோதித்துவிட்டார். தின்பண்டத்தைத் தொடாத நாய்களையும், ‘தின்றுவிட்டது’ என்று வளர்ப்பவர்களிடம் சொல்லித் திட்ட வைத்தார். திட்டு வாங்கிய நாய்களில், ஒன்றும் செய்யாதவைதான் அதிகமாகக் கூனிக் குறுகின.

நசீர்: எலிகூட இன்னொரு எலிக்கு உதவும் என்கிறார்கள். கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறதே?

2011-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இன்பல் பென்-அமி பார்டல் குழு செய்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். ஒரே கூண்டில் பழகிய இரண்டு எலிகள். ஒன்றைக் குறுகலான பிளாஸ்டிக் குழாயில் அடைத்தார்கள். மற்றது சுற்றிச் சுற்றி வந்தது, கடித்துப் பார்த்தது. யாரும் சொல்லித் தராமலே, சில நாட்களில் கதவைத் தலையால் நெம்பித் திறக்கக் கற்றுக்கொண்டது. காலிக் குழாயிலோ பொம்மை எலி இருந்த குழாயிலோ இந்த ஆர்வம் இல்லை. பக்கத்தில் சாக்லேட் வைத்த குழாய் இருந்தால் இரண்டையும் திறந்தது, சாக்லேட்டில் கொஞ்சம் கூட்டாளிக்கும் மிச்சம் வைத்தது. எனக்கு அந்த மிச்சம்தான் ஆச்சரியம்.

நசீர்: துணை தேவைப்பட்டுத் திறந்திருக்கலாமே?

நியாயமான சந்தேகம். விடுபட்ட எலி வேறு அறைக்குப் போய்விடும்படி வைத்தும் பார்த்தார்கள், அப்போதும் திறந்தது. ஆனால் 2016-ல் வந்த சோதனையில், பதற்றத்தைத் தணிக்கும் மிடசோலம் மருந்தைக் கொடுத்ததும், கூட்டாளியை விட்டுவிட்டுச் சாக்லேட்டை மட்டும் எடுத்தது. அடைபட்டதன் பதற்றம் இதற்கும் தொற்றினால்தான் கதவு திறக்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இடையில் 2014-ல் இன்னொரு சோதனை. வெள்ளை எலி தன் வகையில் முன்பின் தெரியாத எலியையும் விடுவிக்கும், கறுப்புத் தலை வகையைச் சேர்ந்த அந்நிய எலியைக் கண்டுகொள்ளாது. ஆனால் பிறந்ததிலிருந்து கறுப்புத் தலை எலிகளோடே வளர்ந்த வெள்ளை எலி அந்த வகையைத்தான் விடுவித்தது. தன் சொந்த வகையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மாரிமுத்து: பட்டியில் ஒரு ஆடு மிரண்டு கத்தினால் எல்லாம் மிரளுகின்றன. சத்தம் மட்டும் போதுமா ஐயா?

சத்தத்திலேயே நிறைய இருக்கிறது. 2019-ல் லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சந்தோஷத்தில் கத்தியதையும் சங்கடத்தில் கத்தியதையும் ஒலிபெருக்கியில் ஆடுகளுக்குப் போட்டுக்காட்டினார்கள். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றியதும் ஆடுகள் நிமிர்ந்து பார்த்தன, இதயத்துடிப்பின் ஏற்ற இறக்கமும் கத்தலுக்கு ஏற்றபடி வேறுபட்டது. தடுப்பூசி போடும் நாளில் அதிகம் கத்துகிற ஆட்டைக் கடைசியில் பிடியுங்கள்.

தேன்மொழி: யானை யானையைத் தேற்றுமா?

தேற்றும். வட தாய்லாந்தில் 26 யானைகளைக் கவனித்து ஜோஷுவா ப்ளாட்னிக், ஃபிரான்ஸ் டி வால் என்ற விலங்கு நடத்தை ஆய்வாளர்கள் இருவரும் 2014-ல் எழுதினார்கள். ஒன்று மிரண்டு காதை விரித்து வாலைத் தூக்கினால், பக்கத்து யானை வந்து தும்பிக்கையால் அதன் முகத்தைத் தடவும், தும்பிக்கை நுனியை அதன் வாய்க்குள் வைக்கும், மெல்லக் கீச்சிடும். சில சமயம் தேற்ற வந்ததே காதை விரித்துக்கொண்டு நிற்கும்.

குமரன்: ஒரு காகம் செத்தால் ஊர்க் காகமெல்லாம் கூடிக் கரைவது துக்கமா?

துக்கம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். இங்கே என்ன ஆபத்து என்று பார்க்க வருகின்றன என்பதற்குச் சான்று இருக்கிறது. சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கேலி ஸ்விஃப்ட், முகமூடி போட்ட ஆளிடம் செத்த காகத்தைக் கொடுத்து நிற்க வைத்தார். காகங்கள் கூடி அந்த ஆளைப் பார்த்துக் கரைந்தன. பிறகு அதே முகமூடி வெறுங்கையோடு வந்தபோதும் விடவில்லை, வாரக்கணக்கில் திட்டித் தீர்த்தன.