பேச ஆரம்பிக்கும்போதே நேரம் முடிந்துவிடுகிறது... நீண்ட நேர தெரபி எனக்கு ஒத்துவருமா?

கேள்வி: என் வயது 34. சிறுவயதில் வீட்டிலேயே பல வருடம் அடியும் வதையும் அனுபவித்தவள். ஆறு மாதமாக கவுன்சலிங் போகிறேன். மனதைத் திறந்து விஷயத்துக்கு வரும்போதே 50 நிமிடம் முடிந்துவிடுகிறது. அப்புறம் இரண்டு நாள் தூக்கமே வருவதில்லை. இன்னொரு தெரபிஸ்ட், தினமும் மூன்று மணி நேரம் என்று மூன்றே நாளில் எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிடலாம் என்கிறார். போகலாமா?

பதில்: இரண்டு நாள் தூக்கம் வருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலிருந்தே தொடங்குகிறேன். அது உங்கள் பலவீனம் இல்லை அம்மா. பழைய வதையை நினைவுக்குக் கொண்டுவரும்போது, அது இப்போது நடப்பதாகவே உடம்பு எடுத்துக்கொள்கிறது. நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. சிலருக்கு உடம்பே மரத்துப்போகிறது. அந்த அலை ஏறி, இறங்க வேண்டும். உச்சியில் இருக்கும்போதே எழுந்து வீட்டுக்குப் போனால் ராத்திரி தூக்கம் எப்படி வரும்?

அதனால் நேரம் கூட்டிக் கேட்பது நியாயமான ஆசைதான். உளவியலாளர் எட்னா ஃபோவா உருவாக்கிய 'நீடித்த வெளிப்பாட்டு சிகிச்சை'யில், அதாவது பயந்து ஒதுக்கும் நினைவைப் பாதுகாப்பான சூழலில் திரும்பத் திரும்ப எதிர்கொள்ள வைக்கும் முறையில், ஓர் அமர்வு வழக்கமாக 90 நிமிடம். 8 முதல் 15 அமர்வுகள் வரை போகும். கண் அசைவைப் பயன்படுத்தும் இ.எம்.டி.ஆர். முறையிலும் 60 முதல் 90 நிமிடம் ஒதுக்குவார்கள். ஆனால் 60 நிமிடத்தையும் 90 நிமிடத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் குறைந்த நேரமும் ஈடான பலன் தந்திருக்கிறது. கடிகாரத்தை விட, இருக்கிற நேரத்தை எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

என்னிடம் வந்த ஒருவர், கிளம்பும்போது கதவுக் கைப்பிடியில் கை வைத்தபடிதான் முதல்முறையாக அந்தச் சம்பவத்தைச் சொன்னார். நேரம் முடிந்து நான்கு நிமிடம் ஆகியிருந்தது. அடுத்த முறையிலிருந்து அவருக்கு 90 நிமிடம் ஒதுக்கினேன். ஆனால் கடைசி அரை மணி நேரம் அந்தச் சம்பவத்தைப் பற்றிப் பேச்சே கிடையாது. செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைத் தரையில் அழுத்துவார். அறையில் நீல நிறத்தில் என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். இன்று இரவு தன்னோடு யார் இருப்பார்கள் என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பார். முகத்தில் ரத்த ஓட்டம் திரும்பி வருவது கண்கூடாகத் தெரியும். ரிச்சர்ட் க்ளஃப்ட் என்ற மனநல மருத்துவர் சொன்ன கணக்கு இது: மூன்றில் ஒரு பங்கு தயாராக, ஒரு பங்கு நினைவோடு வேலை செய்ய, கடைசிப் பங்கு நிதானத்துக்குத் திரும்ப.

சரி, அந்த மூன்று நாள் சிகிச்சை? அடுத்தடுத்த நாட்களில் தீவிரமாகச் செய்யும் முறைகள் உண்டு, நல்ல பயிற்சி உள்ளவர்களிடம் அவை பலன் தருகின்றன. எனக்கு இடிப்பது 'எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிடலாம்' என்கிற வாக்குதான். பல வருடம் நீடித்த வதைக்கு அப்படி நாள் குறிக்க முடியாது. கொட்டித் தீர்ப்பது மட்டுமே சிகிச்சையும் ஆகாது. அவரிடம் கேளுங்கள்: என்ன முறையில் பயிற்சி பெற்றவர்? நடுவில் நான் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவீர்களா? நான்காம் நாள் எனக்கு முடியாமல் போனால் யாரைக் கூப்பிடுவது? கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லையென்றால் போக வேண்டாம்.

உங்களை அடித்தவர் இன்னமும் உங்கள் வீட்டில் இருக்கிறாரா? இருந்தால் முதலில் உங்கள் பாதுகாப்பு, நினைவுகளைத் தோண்டுவது அப்புறம்தான். பேசும்போது இருக்கும் இடமே மறந்து எங்கோ போய்விடுகிற அனுபவம் உண்டென்றால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தூக்கத்துக்கு அல்பிரசோலம், குளோனசிபாம் போன்ற மாத்திரை எடுக்கிறீர்களா என்று எழுதவில்லை. அவை இந்த சிகிச்சையின் பலனைக் குறைக்கலாம். ஆனால் நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து. மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார்.

ஆறு மாதமாக நீங்கள் நம்பிப் பேசுகிற கவுன்சலரை உடனே விட்டுவிட வேண்டாம். அந்த இரண்டு நாள் தூக்கமின்மையை அவரிடம் சொன்னீர்களா? 75 அல்லது 90 நிமிடம் தர முடியுமா, கடைசி அரை மணி நேரத்தை நிதானப்படுத்த ஒதுக்குவாரா என்று கேட்டுப் பாருங்கள். அன்று முக்கியமான வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள், திரும்பும்போது நீங்களே வண்டி ஓட்டாதீர்கள். இடையில் எப்போதாவது வாழவே வேண்டாம் என்று தோன்றினால் அடுத்த அமர்வுக்காகக் காத்திருக்காமல், கூட ஒருவரை அழைத்துக்கொண்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.