வெள்ளியை விட்டு இரும்புக்கு

அன்புள்ள ஐயா,

பிரென்ட் கிங்டன் என்ற அமெரிக்க உலோகக் கலைஞரைப் பற்றி ஒரு கூட்டத்தில் பேசினீர்கள். வெள்ளி வேலையில் பேர் வாங்கியவர் எதற்காகக் கொல்லன் உலைக்குப் போனார்? நான் ஐடிஐயில் ஃபிட்டர் பாடம் எடுக்கிறேன். அப்பாவின் பட்டறை இன்னும் ஓடுகிறது. பையன்களை அங்கே கூட்டிப்போனால், "சார், ஓசூர் கம்பெனியில் இதையா கேட்கப்போறாங்க?" என்கிறார்கள். என்ன சொல்வது?

– ஒரு வாசகர், பாலக்கோடு

அன்புள்ள தம்பி,

கேட்க மாட்டார்கள்தான். அதை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.

கிங்டன் 1961இல் தெற்கு இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். வெள்ளியில் அசையும் விளையாட்டுச் சாமான்கள் செய்துகொண்டிருந்தவர். அப்போது அங்கே கல்லூரிகளில் உலை வேலை சொல்லித்தர ஆளே அரிது. இவர் தானே அடித்துப் பழகினார். 1970இல் கொல்லர் வேலை பற்றிப் புத்தகம் எழுதிய அலெக்ஸ் பீலரை வரவழைத்துத் தன் பல்கலைக்கழகத்திலேயே அந்த வேலைக்குப் பயிற்சி முகாம் நடத்தினார். 1973இல் அந்நாட்டுக் கொல்லர்களுக்குச் சங்கமே வந்துவிட்டது. கிங்டனின் இரும்புக் காற்றுத் திசைகாட்டிகள் பேர்போனவை. கனத்த இரும்புதான், ஆனாலும் ஆடும். பழைய வெள்ளிச் சாமானின் விளையாட்டு அதில் விட்டுப்போகவில்லை. எனக்கென்னவோ அவற்றைவிட அந்த முகாம்தான் பெரிய வேலையாகப் படுகிறது.

நம் கதை தலைகீழ். வித்தை உங்கள் வீட்டிலேயே இருக்கிறது, வகுப்பறைக்குள்தான் வரவில்லை. அப்பனிடமிருந்து மகனுக்கு, அதுவும் ஒரே சாதிக்குள். மகன் வேறு வேலைக்குப் போனால் தீர்ந்தது. பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை இரும்புக்குக் கி.மு. 2172 என்று காலக்கணிப்பு வந்தபோது எல்லோரும் பெருமைப்பட்டோம். நம்மில் எத்தனை பேர் பட்டறையில் அரிவாள் வாங்குகிறோம் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

சரி, உங்கள் பையன்களுக்கு வருவோம். அப்பாவை அரிவாளுக்குத் தோய்ச்சல் போடச் சொல்லுங்கள். நிழலில் நடக்கட்டும், வெயிலில் இரும்பின் நிறம் பிடிபடாது. பழுக்கக் காய்ந்த அரிவாளின் வாயை மட்டும் தண்ணீரில் காட்டி எடுத்து, சட்டென்று தேய்த்துப் பளபளப்பாக்கினால், முதுகில் மிச்சமிருக்கும் சூடு வாய்க்கு இறங்குவது தெரியும். வெளிர்மஞ்சள், அப்புறம் பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறம் ஓடும். வேண்டிய நிறம் வந்ததும் முழுசாக முக்கிவிட வேண்டும். முந்தினால் வாய் தெறிக்கும், பிந்தினால் சீக்கிரம் மழுங்கும். உங்கள் புத்தகத்தில் ஹார்டனிங், டெம்பரிங் என்று வருவது இதுதானே? அந்தப் பாடம் வரும் வாரத்திலேயே கூட்டிப்போங்கள். கலை, பாரம்பரியம் என்று பேச்செடுக்க வேண்டாம், ஓடிவிடுவார்கள்.

அப்புறம், அப்பாவுக்கு அன்றையக் கூலிக்கு வழி பாருங்கள். சால்வை போர்த்தி அனுப்பிவிடாதீர்கள்.